லோரோங் மொத்தமும் கரண்டு இல்ல

கலாதேவிக்கு அன்னைக்குக் காலு தரையில நிக்கல. காலையில இருந்து சிரிப்பு, சிரிச்சதுக்கு ஒரு பயம், பயந்ததை நெனச்சு மறுபடி சிரிப்பு. ஈப்போவுல சிலிபின் பக்கம் ஒரு லோரோங்ல, அதான் சந்துல, இருக்கிற அவ வீட்டுக்குச் சாயங்காலம் ஈப்போ கார்டன்லேருந்து கதிரவேலுவும் அம்பிகையும் வாராங்க. சும்மா ஒரு டீ குடிச்சிட்டுப் போறதுக்குத்தானாம். டீ குடிக்கிறதுக்கு யாராவது நல்ல நேரம் பாப்பாங்களா? அவங்க மகன் மிதுலனுக்குக் கலாதேவியோட மக குமுதாவைக் கட்டலாமா வேணாமான்னு முடிவு பண்ற டீ அது.

பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில வேலை. இவ நர்சு, அவன் மருந்து கொடுக்கிற பிரிவுல இருக்கான். அவங்களுக்குள்ள எல்லாம் பேசி முடிஞ்சு போச்சு. பாக்கி இருந்தது அம்பிகை வாயிலேருந்து ஒரே ஒரு 'ஓம்', அவங்க பேச்சுல 'ஆமா'. கதிரவேலு யாழ்ப்பாணத்து வழி, தாத்தா காலத்துலேருந்து அரசாங்க உத்தியோகம் பாத்த குடும்பம். கலாதேவியும் அவ புருசன் சீனியும் ரப்பர் தோட்டத்து லயத்துல, கூலிக்காரங்க வரிசை வீட்டுல, பொறந்தவங்க. இப்ப அவ கையுறை ஃபேக்டரியில சூப்பர்வைசர், அவர் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். யாருக்கும் கொறஞ்சவங்க இல்லதான். ஆனா அம்பிகையைக் கோயில்ல ஒரு தடவை பாத்தப்ப, அந்த அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலால இவளை ஏற இறங்கப் பாத்தாங்களே, அந்தப் பார்வை இன்னும் கலாதேவி முதுகுல ஒட்டிக்கிட்டு இருக்கு.

குமுதா முந்தின நாள் ராத்திரி சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே சொன்னா. "அவங்க வேணாம்னு சொன்னா நான் ஓடிப்போக மாட்டேம்மா. ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்."

சின்ன வயசுலேருந்து இது வேணும் அது வேணும்னு வாய் தொறந்து கேக்காத பிள்ளை. முதல் தடவையா ஒண்ணு கேக்குது. அதுவும் கிடைக்காம போச்சுன்னா நான் எதுக்கு அம்மான்னு இருக்கேன்னு கலாதேவி தன்னையே கேட்டுக்கிட்டா. அதனாலதான் இந்த ஆர்ப்பாட்டம் எல்லாம்.

ஆர்ப்பாட்டம்னா கொஞ்சநஞ்சம் இல்ல. நெய் சொட்டச் சொட்டக் கேசரி. வடைக்கு மாவு அரைச்சு ரெடி. தட்டு நெறைய மூணு கலர்ல அகர்-அகர் ஜெல்லி. ஃபேக்டரியில ஒரு கூட்டாளிகிட்டக் கெஞ்சி, சக்கரம் வச்சுத் தள்ளிக்கிட்டுப் போற ஏர்கானை இரவல் வாங்கி ஹால் மூலையில நிறுத்தியாச்சு. எப்பப் பாத்தாலும் மணி தப்பாக் காட்டி மினுங்கிக்கிட்டே இருக்கிற மைக்ரோவேவைக்கூடத் தொடைச்சு வச்சா. அந்த மைக்ரோவேவோட அவளுக்கு ரொம்ப நாள் சண்டை. காலையில மணியைத் திருத்தி வச்சிட்டு வேலைக்குப் போவா, சாயங்காலம் வந்து பாத்தா முட்டை முட்டையா நாலு சைபர் காட்டும். கடைக்காரன்கிட்டப் போய் ஏமாத்துக்காரப் பயலேன்னு திட்டிட்டும் வந்துட்டா. ஹால் சுவத்துல மெயின் சுவிட்ச் பெட்டி அழுக்குப் புடிச்சு நின்னுச்சு. வர்றவங்க கண்ணுல அதுவா முதல்ல படணும்? மேல ஒரு பெரிய முருகன் காலண்டரை மாட்டி மறைச்சிட்டா.

மத்தியானம் சீனியை மீசைக்கு மை போட்டுக்கிட்டு, வரும்போது ஐஸ் வாங்கிட்டு வரச் சொல்லி முடிவெட்டுக் கடைக்குக் கெளம்ப விட்டுட்டு, குமுதாவைச் சேலை கட்டிவிடுற பொண்ணு வீட்டுக்குத் தொரத்திட்டு, நிம்மதியாத் தலைக்குக் குளிக்கப் போனா. தண்ணியை ஊத்த ஊத்தப் பாட்டு வேற. குளிச்சு முடிச்சு வெளிய வந்தா ஃபேன் நிக்குது. ஏர்கான் மூச்சு விடல. ஃப்ரிட்ஜ்கூட மொனகல.

கலாதேவிக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சீனிக்குப் போன் அடிச்சா, அந்த மனுசன் போன் சாப்பாட்டு மேசையில கெடந்து அலறுது. சரி, நம்ம கையே நமக்கு உதவின்னு, ஈரத் தலையில துண்டைக் கட்டிக்கிட்டுக் கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டா.

முதல்ல ஒரு மெசின் பேசுச்சு, அதை அமுக்கு இதை அமுக்குன்னு. அமுக்குனதுக்கு அப்புறம் ஒரு மலாய்க்காரப் பிள்ளை வந்துச்சு. தேனாட்டம் கொரலு. அக்காவுக்கு என்ன பிரச்சனைன்னு கேட்டுச்சு. கரண்டு பிரச்சனையோட நிறுத்தியிருக்கலாம். கலாதேவி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுலேருந்து கேசரியில முந்திரி போட்டது வரைக்கும் சொல்லிட்டுத்தான் ஃபேன் நின்ன கதைக்கே வந்தா. அந்தப் பிள்ளையும் பொறுமையாக் கேட்டுட்டு, வீட்டு மெயின் சுவிட்ச் விழுந்திருக்கான்னு பாத்தீங்களான்னு கேட்டுச்சு.

கலாதேவி சுவத்தைப் பாத்தா. முருகன் மயில் மேல சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரை எறக்கணும்னா நாற்காலி போட்டு ஏறணும், ஈரக் கூந்தலோட, அதுவும் கரண்டு பெட்டிகிட்ட. பாத்தாச்சு, அதெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டா. அவ பாத்தது முருகனை.

அப்பப் பக்கத்து வீடுகள்ல கரண்டு இருக்கான்னு அந்தப் பிள்ளை அடுத்த கேள்வியைப் போட்டுச்சு.

இதுக்கு எதுக்கு வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டணும்? சாமி லைட்டைப் பாத்தா தெரிஞ்சு போச்சு. பக்கத்து வீட்டுச் சீனத்து ஆ மோய் ஆன்ட்டி வாசத் தூண்ல ஒரு செவப்புப் பல்பு, அவங்க வானத்துச் சாமிக்கு. எதிர்த்த வீட்டு நல்லம்மாக்கா வாசல் மாடத்துல ஒரு மஞ்சப் பல்பு, முனியாண்டிக்கு. ராத்திரி பகல் இல்லாம எரியிற ரெண்டு பல்பு. கலாதேவி ஜன்னல் கம்பி வழியா எட்டிப் பாத்தா. ரெண்டும் எரியல. சாமிக்கே வெளிச்சம் இல்லன்னா ஆசாமிக்கு எங்கேருந்து வரும்? லோரோங் மொத்தமும் கரண்டு இல்லன்னு அடிச்சுச் சொல்லிட்டா.

ஆ மோய் ஆன்ட்டியோட பல்பு காலையிலேயே ஃபியூஸ் போயிருச்சு. மகன் வந்து மாத்தணும்னு கெடந்துச்சு. நல்லம்மாக்காவுக்கு ஆயர் தாவார் ஊர்ல பங்காளி ஒருத்தர் தவறிட்டாரு, தீட்டு கழியிற வரைக்கும் சாமிக்கு வெளக்கு ஏத்தக் கூடாது. அந்தச் சாவுக்குக் கலாதேவியே போய் உக்காந்து அழுதுட்டு வந்தவதான். மாப்பிள்ளை வீடு வர்ற சந்தோசத்துல செத்தவர் நெனப்புல இல்ல.

சரி, ஆபீசுக்குச் சொன்னோமா, சிவனேன்னு இருந்தோமான்னு இருந்திருக்கலாம். ஆடின காலு சும்மா இருக்குமா? லோரோங் வாட்ஸ்அப் குழுவுல ஒரு குரல் பதிவையும் போட்டுவிட்டா. நம்ம லோரோங்குக்குக் கரண்டு இல்ல, நான் ஆபீசுக்குச் சொல்லிட்டேன், திரும்பி வரும்போது குதிச்சுக்கிட்டு வரும், டிவி ஃப்ரிட்ஜெல்லாம் போயிரும், எல்லாரும் மெயினை அடைச்சு ஆஃப்ல வச்சிக்குங்கன்னு.

போன வருசம் இடி விழுந்து கரண்டு போய்த் திரும்ப வந்தப்ப அந்த லோரோங்ல மூணு டிவி போச்சு. அதனால கலாதேவி வாக்கு வேதவாக்காப் போச்சு. பிறகு தெரிஞ்ச கதையை இப்பவே சொல்லிடுறேன். நல்லம்மாக்கா ஃபேனுக்குக் கீழ உக்காந்து நாடகம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஃபேன் சுத்துது, டிவி ஓடுது. கரண்டு இல்லன்னு சேதி வந்ததும் நம்ம வீட்டுக்கு இன்னும் வந்து சேரலபோலன்னு நெனச்சுக்கிட்டு, வந்து சேர்றதுக்குள்ள முந்திக்கணும்னு ஓடிப்போய் மெயினை அடைச்சிட்டாங்க. ஆ மோய் ஆன்ட்டி துணி பாதி தொவைச்சுக்கிட்டு இருக்கையிலேயே மெசினோட அடைச்சாங்க. மூலை வீட்டுப் பத்துமலை தூக்கத்துலேருந்து எழுந்து அடைச்சிட்டு, ஐயோ புழுங்குதேன்னு கரண்டு ஆபீசைத் திட்டிக்கிட்டே வெளிய வந்து உக்காந்தாரு. கொஞ்ச நேரத்துல லோரோங் மொத்தமும் கரண்டு இல்ல. கலாதேவி சொன்ன பொய்யை, பாவம், அத்தனை பேரும் சேர்ந்து மெய்யாக்கிட்டாங்க.

புழுக்கம் தாங்காம எல்லாரும் வாசலுக்கு வந்தாங்க. வந்தவங்க கலாதேவி வீட்டு கேட்டுகிட்டயே கூடிட்டாங்க, அவதானே போன் போட்டவ. நீ மட்டும் சொல்லலன்னா எங்க டிவி போயிருக்கும்னு நல்லம்மாக்கா கையைப் புடிச்சு நன்றி சொன்னாங்க. வானம் வேற கறுத்துக்கிட்டு வந்துச்சு. அந்தக் கூட்டத்துக்குள்ள, அட்டையால விசிறிக்கிட்டு நிக்கிற அத்தனை பேருக்கும் நடுவுல, கதிரவேலு காரு ஊர்ந்து வந்து நின்னுச்சு.

கலாதேவி ஓடிப்போய்க் கூட்டத்தை விலக்கி வழி விட்டா. கதிரவேலு முழுக்கைச் சட்டை, வாயைத் தொறக்காத ஆளு. அம்பிகை மாம்பழக் கலர் பட்டுச்சேலை, அதே மூக்குக்கண்ணாடி. மிதுலன் பின்னாடி ஒரு பழக்கூடையைத் தூக்கிக்கிட்டு முழிச்சான். உள்ள கூட்டி வந்து உக்கார வச்சதும் கதிரவேலு முதல் வேலையா நின்னுபோன ஃபேனை அண்ணாந்து பாத்தாரு. அம்பிகை கைக்குட்டையால கழுத்தை ஒத்திக்கிட்டாங்க. லோரோங் மொத்தமும் கரண்டு இல்ல, ஆபீசுக்குச் சொல்லியாச்சு, இப்ப வந்துருவாங்கன்னு கலாதேவி மூச்சு விடாம சொல்லி முடிச்சா.

"பரவாயில்லை" அப்படின்னாங்க அம்பிகை.

அந்தப் பரவாயில்லையில கலாதேவிக்குப் பாதி உயிர் போச்சு. பரவாயில்லைன்னு சொல்றவங்க எல்லாரும் போற வழியில காருக்குள்ள என்ன பேசிக்குவாங்கன்னு அவளுக்குத் தெரியாதா? நல்லவேளை, கேஸ் அடுப்புக்குக் கரண்டு வேணாம். வடையைப் போட்டு எடுத்தா. குமுதா டீத்தட்டோட வந்தா. வேர்வையில பொட்டு ஒரு பக்கம் வழுக்கி நிக்குது, ஆனா அது பாட்டுக்கு அழகாத்தான் இருந்துச்சு. மிதுலன் டீயை எடுக்கிறதை மறந்துட்டு அவளையே பாத்துக்கிட்டு இருந்தான். கதிரவேலு இருமுன பிறகுதான் எடுத்தான்.

அப்பத்தான் கரண்டு லாரி வந்துச்சு. லோரோங்கே கை தட்டுச்சு. தர்மான்னு ஒரு தம்பி, கூட ஒரு மலாய்க்காரப் பையன். ரெண்டு பேரும் கம்பத்தைப் பாத்தாங்க, முனையில இருக்கிற கரண்டுக் கூண்டைத் தொறந்து பாத்தாங்க. எல்லாம் நல்லா ஓடுது. தர்மா தலையைச் சொறிஞ்சுக்கிட்டே நல்லம்மாக்கா வீட்டுக்குள்ள போய்ப் பாத்தாரு. மெயின் அடைச்சிருக்கு. ஆ மோய் ஆன்ட்டி வீட்டுல அடைச்சிருக்கு. பத்துமலை வீட்டுலயும் அப்படித்தான். ஏன் அடைச்சீங்கன்னு கேட்டா, கரண்டு இல்லல்ல அதான்னு பதில். கரண்டு இல்லன்னு எப்படித் தெரியும்னு கேட்டா, எல்லா விரலும் ஒரே வீட்டைத்தான் காட்டுச்சு.

தர்மா கேட்டைத் தொறந்துக்கிட்டு ஹாலுக்குள்ளயே வந்துட்டாரு. பின்னாலேயே லோரோங் மொத்தமும் ஜன்னல் கம்பியில வந்து தொங்குச்சு. அக்கா, உங்க பெட்டி எங்கன்னு கேட்டாரு. கலாதேவி முருகனைக் காட்டுனா. தர்மா செருப்பை வெளிய விட்டுட்டு வந்து, காலண்டரைப் பவ்வியமா எறக்கிச் சோபாவுல கதிரவேலுவுக்குப் பக்கத்துல சாய்ச்சு வச்சாரு. பெட்டியைத் தொறந்து ஒரே ஒரு சுவிட்சை மேல தூக்குனாரு.

ஃபேன் சுத்துச்சு. ஃப்ரிட்ஜ் மொனகுச்சு. இரவல் ஏர்கான் லாரி கெளம்புற மாதிரி உறுமிக்கிட்டு அம்பிகை முகத்துலயே காத்தை ஊதுச்சு. சமையக்கட்டுல மைக்ரோவேவ் 'பீ'ன்னு கத்திட்டு நாலு சைபரைக் காட்டி மினுங்குச்சு.

"அக்கா, இது தானா விழல. தானா விழுந்தா இந்தச் சின்னதுதான் விழும். இந்தப் பெரிசு கையால அடைச்சாத்தான் அடையும்." தர்மா கோவப்படக்கூட இல்ல. "யாரு அடைச்சா?"

கலாதேவிக்குப் பூமி பொளந்து உள்ள இழுத்துக்கிட்டா தேவலாம்னு இருந்துச்சு. ஒரு லாரியை வரவழைச்சு, ஒரு லோரோங்கையே இருட்டாக்கி, அதையும் சம்பந்தம் பேச வந்தவங்க கண்ணு முன்னாலயே. நாளைக்கு ஈப்போ கார்டன்ல சிரிப்பாங்க. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க, இந்தப் பிள்ளை கேட்டது போச்சே. குமுதா முகத்தைப் பாக்க அவளால முடியல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பக்கம் திரும்பவும் முடியல.

அந்த நேரம் பாத்து, கூட்டத்தை விலக்கிக்கிட்டுச் சீனி உள்ள வந்தாரு. மீசை புது பூட்ஸ் மாதிரி கருகருன்னு இருந்துச்சு, கையில உருகுற ஐஸ் பொட்டலம். என்ன இவ்ளோ கூட்டம்னு கேட்டாரு. தொறந்து கெடக்கிற பெட்டியைப் பாத்தாரு, சோபாவுல உக்காந்திருக்கிற முருகனைப் பாத்தாரு.

"அட, நீ குளிக்கையில இடி இடிச்சுச்சுல்ல, காலண்டரைத் தூக்கி நாந்தான் அடைச்சேன். கடைக்குப் போற அவசரத்துல மறந்துட்டேன்லா."

தோட்டத்துல சின்னப் பையனா இருந்தப்ப லயத்துக்குப் பின்னாடி ரப்பர் மரம் ஒண்ணு இடி விழுந்து ரெண்டாப் பொளந்ததைக் கண்ணால பாத்தவரு சீனி. அன்னையிலேருந்து இடின்னா அவருக்கு ஒதறல். அது கலாதேவிக்குத் தெரியும். ஆனா அவ வேலைக்குப் போன பிறகு, மத்தியானம் மத்தியானம், எங்கேயோ தூரத்துல வானம் செருமினாக்கூட இந்த மனுசன் மெயினை அடைச்சிட்டு இருட்டுல உக்காந்திருக்காருன்னு அவளுக்கு அந்த நிமிசம்தான் தெரிஞ்சுச்சு. ஈப்போவுல எந்த மத்தியானம் இடி இல்லாம போச்சு? மைக்ரோவேவ் கடைக்காரன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு அவளுக்கு ஓடுச்சு.

அம்பிகை எழுந்தாங்க. கலாதேவி மனசுக்குள்ள எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டா. அந்த அம்மா வாசலுக்குப் போகல. சமையக்கட்டு வாசப்படியில போய் நின்னு மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு மைக்ரோவேவைப் பாத்தாங்க.

"இது எப்பவும் இப்பிடித்தான் மினுங்குமோ?"

ஆமாங்கன்னு கலாதேவி சொன்னா.

அம்பிகை திரும்பித் தன் புருசனைப் பாத்தாங்க. கதிரவேலு அவசரமா ஒரு வடையை எடுத்து வாயில வச்சுக்கிட்டாரு. "நான் ரெண்டு மைக்ரோவேவ் மாத்தினனான்" அப்படின்னாங்க அம்பிகை. "பழுதெண்டு ரெண்டு மாத்தினனான். நான் பகலில கோயிலுக்குப் போற நேரம் பாத்து, நீங்களும் இந்தக் கூத்துத்தானே ஆடினனீங்கள்?"

வாய் தொறக்காத கதிரவேலு, வடையை முழுங்கிட்டு வாயைத் தொறந்தாரு. "இடி இடிச்சா அடைக்கத்தானே வேணும்?"

"அதைத்தானே நானும் சொல்றேன்" அப்படின்னாரு சீனி.

முதல்ல சிரிச்சது ஆ மோய் ஆன்ட்டி, என்ன நடந்துச்சுன்னு பாதிகூடப் புரியாம. அப்புறம் லோரோங்கே சிரிச்சுச்சு. குமுதா தட்டைக் கீழ வச்சிட்டு வயித்தைப் புடிச்சுக்கிட்டா. அம்பிகை சிரிச்ச சிரிப்புல மூக்குக்கண்ணாடி கழண்டு மாம்பழச் சேலையில விழுந்துச்சு. அதை எடுத்துக்கொடுக்கக் குனிஞ்ச கலாதேவி அந்த அம்மா கண்ணை அப்பத்தான் கிட்டத்துல பாத்தா. கண்ணாடி இல்லாம அது சாதாரணக் கண்ணுதான், கொஞ்சம் கிட்டப்பார்வை. கோயில்ல கண்ணாடிக்கு மேலால அப்படி முழிச்சுப் பாத்தது இவளைச் சரியாத் தெரியாமத்தான்போல.

தர்மா ரெண்டு வடையையும் ஒரு டம்ளர் டீயையும் வாங்கிக்கிட்டாரு. லோரோங் மக்கள் அவங்கவங்க வீட்டுக்குப் போய் அவங்கவங்க சுவிட்சைத் தூக்கிவிடுங்க, கரண்டு எல்லாம் குதிக்காதுன்னு சொல்லிட்டு லாரியில ஏறுனாரு. உள்ள கேசரி போச்சு, அகர்-அகர் போச்சு. சீனியும் கதிரவேலுவும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து, எந்த வருசம் எங்க எந்த மரத்துல இடி விழுந்துச்சுன்னு போட்டி போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஆனா கலாதேவி இன்னும் உக்காரவே இல்ல. சிரிச்சது சரி, சாப்பிட்டது சரி, அந்த ஒரு வார்த்தை இன்னும் வரலயே. கேட்டுரலாமான்னு வாயைத் தொறப்பா, மூடிக்குவா. குமுதாவும் மிதுலனும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கிறதும், அம்பிகையைப் பாக்கிறதுமா இருந்தாங்க.

அப்ப வானத்துல, புந்தோங் பக்கமா, ஒரு பெரிய அண்டாவை உருட்டுன மாதிரி இடி உருண்டுச்சு.

சீனி எழுந்தாரு. கதிரவேலுவும் எழுந்தாரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

"சம்பந்தி, கெதியா வாங்கோ" அப்படின்னாரு கதிரவேலு. "அந்தச் சுவிச்சை அடைப்பம்."

ஃபேன் நின்னுச்சு, ஏர்கான் அடங்குச்சு, வீடு இருண்டுச்சு. இருட்டுக்குள்ள யாரோ வந்து கலாதேவி கையைப் புடிச்சாங்க. வளையல் சத்தத்துலேருந்து அது அம்பிகைன்னு தெரிஞ்சுச்சு. இந்த ரெண்டு பேரையும் வச்சுக்கொண்டு இடி இல்லாத மாசமாப் பாத்துத்தான் கல்யாணத்தை வைக்கோணும்னு அந்த அம்மா இவ காதுகிட்டச் சொல்லிச் சிரிச்சாங்க. ஈப்போவுல அப்படி ஒரு மாசம் எங்க இருக்குன்னு கலாதேவி யோசிச்சுப் பாத்தா. ஒண்ணும் இல்ல. பரவாயில்ல, எந்த மாசம்னாலும் சரின்னு அழுதுக்கிட்டே சொன்னா.